காட்ரிட்ஜில் சந்தனம்

இன்று காலை அலமாரியிலிருந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்து டிவியில் மாட்டினேன். பள்ளிக்கூட நாட்களில் அப்பா வாங்கித் தந்தது. காட்ரிட்ஜைச் செருகினால் விளையாட்டு வர வேண்டும். வெறும் நீலத் திரைதான் வந்தது.

ஊதிப் பார்த்தேன். கழற்றி மாட்டினேன். காஜா பெராங்கிலுள்ள என் வீட்டில் இப்போது திட்டுவதற்கும் ஆள் இல்லை என்பதால் பத்து முறை கழற்றி மாட்டினேன்.

கடைசியில் மோட்டாரில் ஏறி, செமாபோக்கில் கடை வைத்து டிவி பழுதுபார்க்கும் ஒரு தம்பியிடம் போனேன். அவர் காட்ரிட்ஜின் விளிம்பிலுள்ள உலோகப் பற்களை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அண்ணே, இது துரு இல்ல. மஞ்சளா காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. என்னாண்ணே இது?"

எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தனம்.

சரஸ்வதி பூசையன்று என் மனைவி வீட்டிலிருக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். ரைஸ் குக்கரும் தப்பாது. அவள் இருந்த கடைசிப் பூசையில், "இதுக்கு எங்க வைக்கட்டும்?" என்று காட்ரிட்ஜை நீட்டினாள். நான் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "எங்கயாச்சும் வை லா" என்றேன்.

பளபளப்பான இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள்.

தம்பி பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். "கிளியர் ஆயிருச்சுண்ணே. கொஞ்சங்கூட மிச்சமில்ல."

வீட்டுக்கு வந்து மாட்டினேன். உடனே விளையாட்டு வந்தது. ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன்.

இந்த வருடப் பூசைக்கு, இதைப் படிப்பவர்களில் யாராவது வந்து பொட்டு வைத்துவிட்டுப் போங்கள். வெளிப்பக்கம் வைத்தால் நல்லது. உள்ளே வைத்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.