‘வைக்கிறேன்’ என்று சொல்லாத நாள்

செய்தி வந்தபோது காலை ஏழே கால் இருக்கும். அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, இரண்டு திரைச்சீலைத் துணிகளைத் தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“மாடி ரூமுக்கு எதுடீ நல்லாருக்கும்? கோடு போட்டதா, சாதாவா? அவனுக்குக் கோடு பிடிக்காது. ஆனா சாதா சீக்கிரம் அழுக்காயிடும்.”

நான் பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. மாமா இருக்கும் ஊரிலிருந்து, அவர் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் சலூன்காரர்.

“அம்மா பக்கத்துல இருக்காங்களாம்மா? இருந்தா நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க.”

அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. நான் சமையலறைக்குள் போய் நின்றேன். இரண்டு நாளாக மாமா கடைப்பக்கம் வரவில்லையாம். கட்டடத்துக் காவலாளியைக் கூட்டிக்கொண்டு மேலே போய்க் கதவைத் திறந்திருக்கிறார்கள். கோட்டும் மப்ளருமாக நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாராம். ஹீட்டர் அணைந்திருந்ததாம்.

“டாக்டர் ஹார்ட்டுன்னு சொன்னாரும்மா. குளிரான்னு கேட்டேன், இல்ல, ஹார்ட்டுதான்னாரு. ஹார்ட்டுக்குக் குளிராதான்னு நான் கேக்கல.”

கூடத்திலிருந்து அம்மா கத்தினாள். “பால் பொங்குது பாரு! அடுப்பு பக்கத்துலதானே நிக்கிற, கண்ணு எங்க இருக்கு உனக்கு?”

பால் அடுப்பையும் மேடையையும் நனைத்துக்கொண்டு வழிந்தது. அதைத் துடைத்து முடித்த பிறகுதான் அம்மாவிடம் போனேன்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். எங்கள் குடும்பத்தில் அவருக்கு லிஃப்ட் மாமா என்றுதான் பெயர். “என் வேலையே ஆளை மேல அனுப்பறதுதான். ஆனா நான் மத்தவங்க மாதிரி இல்ல, திரும்பக் கீழயும் கொண்டுவந்து விட்டுடுவேன்” என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பார். இருபத்தேழு வயதில் ஒரு கம்பெனி அவரைக் கடல் கடந்து கூட்டிப் போனது. அத்தையும் அங்கேயே ஓர் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. இருவரும் அங்கேயே ஓய்வு பெற்றார்கள். ஊர் திரும்பும் பேச்சு ஒவ்வொரு வருஷமும் வரும், ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு காரணத்தால் தள்ளிப்போகும். அத்தை போய் நாலு வருஷமாகிறது.

வெளிநாட்டில் பென்ஷன் வாங்குகிறவர் என்றால் நம் ஆட்களுக்கு மனதில் ஒரு படம் இருக்கிறது. எனக்கும் அதே படம்தான் இருந்தது. போன குளிர்காலத்தில் ஆபீஸ் பயிற்சிக்காக அந்த ஊருக்குப் போய், இரண்டு வாரம் மாமாவுடன் தங்கியபோது அது கலைந்துபோனது.

நாலாவது மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற சமையலறை. படுக்கையறைக் கதவை மூடி, அடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்திருந்தார். அந்த அறை ஹீட்டரை அணைத்துவிட்டுக் கூடத்து சோபாவில்தான் தூங்கினார். நான் வந்ததற்காகப் படுக்கையறையைத் திறந்து ஹீட்டரைப் போட்டார். மூன்றாம் நாள் அவருக்குத் தெரியாமல் நானே அதை அணைத்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“ஏம்மா, என்னை என்ன பிச்சைக்காரன்னு நெனச்சியா?”

“எனக்கு வேர்க்குது மாமா.”

“வெளிய பனி கொட்டுது, இவளுக்கு வேர்க்குதாம். உங்கம்மா பொண்ணுதான் நீ, பொய் சொன்னா மூக்கு செவக்குது.”

பிறகு அவரே ஒருநாள் டீ போட்டுக்கொண்டே விளக்கினார். வெந்நீரில் முக்கியெடுத்த டீ பையைத் தூக்கிப் போடாமல் தட்டில் வைத்தார். சாயங்காலம் மறுபடியும் வேண்டும். “உங்க அத்தை இருந்தப்ப ரெண்டு பென்ஷன், ஒரு வாடகை. இப்போ ஒரு பென்ஷன், அதே ஒரு வாடகை. சுவர் பாதியாகலையேம்மா. ஜன்னலும் பாதியாகல. நான்தான் பாதியாயிட்டேன்.”

அவருடைய பகல்கள் முழுக்க இந்தக் கணக்கைச் சுற்றியே ஓடின. காலையில் நூலகம். படிப்பதற்காக மட்டும் அல்ல, அங்கே சூடு இலவசம். மத்தியானம் பஸ். முதியவர்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் ஒரு முனையில் ஏறி மறுமுனை வரை போய், அதே பஸ்ஸில் திரும்புவார். “ஊர் சுத்திப் பாக்கறேன். நாப்பது வருஷமா லிஃப்ட் குழிக்குள்ள நின்னவன், ஊரைப் பாக்கவே இல்லையே” என்பார். கடை மூடும் நேரத்தில் ரொட்டிமேல் விலை குறைத்து மஞ்சள் ஒட்டு ஒட்டுவார்கள். அதற்காகக் காத்து நிற்கும் கிழவர்களில் அவரும் ஒருவர். அவர்களுக்குள் ஒரு மரியாதை இருந்தது. யாரும் இரண்டு எடுக்க மாட்டார்கள்.

ஃபோன் பேசுவது சலூனில். வீட்டில் இணைய இணைப்பை வெட்டிவிட்டார். சலூன்காரர் நம் ஆள். அவருடைய சுழல் நாற்காலி ஏறாமல் இறங்காமல் மக்கர் பண்ணியபோது மாமா அதைச் சரிசெய்து கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு முடிவெட்டுவதும் இணையமும் இலவசம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சுவரோரம் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிடுவார். முடி விழுகிற சத்தம் கேட்காது. ஆனால் கத்தரி சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்கும். பேசி முடித்ததும் “சரிக்கா, வைக்கிறேன்” என்பார். நாற்பது வருஷமும் அப்படித்தான். ஃபோனில் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்வதுதானே.

நான் பயிற்சி முடிந்து திரும்பிய ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா “சரி, அப்போ வரேன்” என்றார். ஃபோன் அணைந்தது.

அம்மா ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கேட்டியா?”

“என்னம்மா?”

“வைக்கிறேன்னு சொல்லல அவன். வரேன்னு சொன்னான்.”

“பேச்சுவாக்குல சொல்லியிருப்பாரு.”

“நாப்பது வருஷமா பேச்சுவாக்குல வராதது இன்னிக்கு மட்டும் ஏன் வருது? போய் ஸ்டோர் ரூம் சாவிய எடுத்துட்டு வா.”

அன்று சாயங்காலமே மாடி அறையிலிருந்த பழைய ட்ரங்குகள் இறங்கிவிட்டன. மறுநாள் வெள்ளையடிக்கிறவர் வந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறவே மாட்டாள். அந்த வாரம் ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறினாள்.

நான் மாமாவுக்குத் தகவல் அனுப்பினேன். அவர் சலூனிலிருந்து கூப்பிட்டார். குரலில் பதற்றம்.

“ஐயோ, நான் அக்காகிட்ட சொல்லலம்மா. கடையில கூட்டம் வந்திடுச்சு, பெஞ்சைக் காலி பண்ணணும்னு எழுந்தேன். சலூன்காரர்கிட்ட வரேன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். ஃபோன் காதுல இருந்திருக்கு. அப்புறம் வைக்கிறேன்னு சொல்ல வாயெடுத்தேன், வாசலைத் தாண்டினதும் லைன் போயிடுச்சு.”

கடைக்காரரிடம் விடைபெற்றதை அக்கா ஊர் திரும்புகிற வாக்காக எடுத்துக்கொண்டாள். வேறு பாஷையில் இந்தத் தப்பு நடந்திருக்காது. போகும்போது ‘வருகிறேன்’ என்கிற நமக்குத்தான் நடக்கும்.

“அம்மா சுண்ணாம்பு அடிச்சு முடிச்சாச்சு மாமா.”

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் வர்றது அவ்வளவு சுலபமில்லம்மா. கவர்மெண்ட்ல வாடகைக்குக் கொஞ்சம் கைகொடுக்கறாங்களே, அது இங்க இருக்கறவனுக்குத்தான். நாட்டை விட்டுப் போயிட்டா நின்னுடும். சரி, அங்க எனக்கு வாடகை வேண்டாம், போகட்டும்னு வை. ஹார்ட் மாத்திரை இங்க சும்மா குடுக்கறான். அங்க வந்தா அது மாசாமாசம் கைக்காசு. இங்க இருந்தா வாடகை தின்னுது, அங்க வந்தா மருந்து தின்னும். யார் வாய்க்கு இரையாகறதுன்னுதான் ரெண்டு வருஷமா யோசிக்கிறேன். அப்புறம், அங்க வந்து உங்கம்மா தலையில உக்காரவா? அவளே உங்கப்பா விட்டுட்டுப் போன பென்ஷன்ல ஓட்டறா.”

“நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க மாமா. நான் சொன்னா நம்ப மாட்டா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொன்னார். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. சலூன்காரர், கூட்டம், பெஞ்சு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் விளக்கினார். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

“சொல்லி முடிச்சியா?” என்றாள்.

“முடிச்சேன்க்கா. கோவிச்சுக்காத.”

“யார்கிட்ட சொன்னா என்னடா? வாயில வந்துச்சில்ல? காதுல விழுந்துச்சில்ல? ரூம் வெள்ளையடிச்சாச்சு. இனிமே அதுல ட்ரங்கை ஏத்த எனக்கு முழங்கால் இல்ல.”

“மருந்து செலவுக்கா...”

“நீ சாப்பிடற மாத்திரைதானே, தங்கபஸ்பமா? எனக்கும் சுகர் மாத்திரை வாங்கறோம். ஒரே கடையில சேத்து வாங்கினா ஏதாவது குறைப்பான். இல்லன்னா நீ போய்ப் பேரம் பேசு. அதுக்குத்தானே உன்னைப் படிக்கவெச்சாங்க.”

“என்னை லிஃப்ட் ரிப்பேருக்குத்தான்க்கா படிக்கவெச்சாங்க.”

“அப்போ படியேறி இறங்கு. இங்க லிஃப்ட் கிடையாது.”

மாமா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அந்த இருமல் நீளமாக இருந்ததை நாங்கள் இருவருமே கவனித்தோம்.

அதற்குப் பிறகு அவர் கேட்கிற கேள்விகள் மாறின. அறை ஜன்னல் எந்தப் பக்கம்? மத்தியான வெயில் விழுமா? கட்டில் எவ்வளவு உயரம்? குளியலறைத் தரை வழுக்குமா? வீட்டுக்காரர் அடுத்த வருஷத்துக்கு வாடகையை ஏற்றப்போவதாகச் சொல்லியிருந்தார். மாமா முதல் தடவையாக அவரிடம் பேரம் பேசவில்லையாம். குளிர் முடிந்ததும் காலி செய்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். டாக்டரைப் பார்த்து, கொடுக்கிற அளவுக்கு மாத்திரைகளை வாங்கிக்கொண்டு கிளம்புவதாகத் திட்டம். அது வரைக்கும் ஹீட்டரில் மிச்சம் பிடித்து டிக்கெட்டுக்குச் சேர்த்தார் என்பது சலூன்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொன்னார். “போன வாரம் முடி காதை மூடிடுச்சு, வாங்க வெட்டி விடறேன்னேன். ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் வெட்டிக்கறேன், அங்க முதல் மாசம் அந்தச் செலவு மிச்சம்னாரும்மா. அப்படியே விட்டுட்டேன். பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடிதான் வெட்டினேன்.”

மாமாவை இங்கே கொண்டுவர முடியவில்லை. அதற்கான தொகையை விசாரித்தபோது, அந்தப் பணத்தில் அவர் உயிரோடு பல தடவை வந்துபோயிருக்கலாம் என்று தெரிந்தது. காரியங்களை அங்கேயே சலூன்காரரும் நூலகத்தில் பழக்கமான இரண்டு பேரும் முடித்தார்கள். ஃபோனில் காட்டுவதாகச் சொன்னார்கள். அம்மா பார்க்க மறுத்துவிட்டாள். “ஃபோன்ல அவன் குரலைத்தான் கேட்டிருக்கேன். அது போதும்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணி ஆனால் ஏதாவது ஒரு வேலையை இழுத்துப்போட்டுக்கொள்கிறாள். போன வாரம் அரிசி டப்பாக்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாள்.

குழாய்க்காரர் முந்தாநாள் வந்திருந்தார். மாமாவுக்காக மாடிக் குளியலறையில் பிடித்து எழுந்திருக்க ஒரு இரும்புக் கைப்பிடி மாட்டச் சொல்லியிருந்தோம். முதல் தடவை வந்தபோது கீழ்முனையை முடுக்கிவிட்டு, “மேல்முனை அவங்க கை எட்டற உயரத்துல இருக்கணும்மா. ஆள் வந்து பிடிச்சுக் காட்டட்டும், அஞ்சு நிமிஷத்துல அடிச்சுடறேன்” என்று சொல்லிப் போயிருந்தார். அவருக்கு விஷயம் தெரியாது.

“ஐயா வந்துட்டாங்களா?” என்று வாசலிலேயே கேட்டார்.

நான் சொன்னேன். அவர் பையைத் தரையில் வைத்தார். “கழட்டிடவாம்மா?” என்றார்.

அம்மா உள்ளேயிருந்து பதில் சொன்னாள். “வேண்டாம். இருக்கட்டும்.”

கைப்பிடியின் கீழ்முனையில் நாலு திருகுகளும் இறுக்கியிருக்கின்றன. மேல்முனைக்குச் சுவரில் இன்னும் துளை போடவில்லை.