புத்தகத்தில் அம்மாவின் பெயர்

அம்மாவின் பெயர் புத்தகத்தில் வரப்போகிறது என்று, அப்பா சம்மதிப்பதற்கு முன்னமே என் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்பது வயது. ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் இருந்தோம். அம்மா அப்பார்ட்மென்டிலேயே சட்டை தைத்துக் கொடுப்பார். ரொறன்ரோத் தமிழருக்கென்று வர்த்தகக் கையேடு அச்சாகிறது, ஒரு வரி போடக் காசு கட்டத் தேவையில்லை என்று தமிழ்க் கடைக்காரர் ஒரு படிவம் தந்திருந்தார். மூன்று நாளாக அது சாமிப் படத்துக்குப் பின்னால் கிடந்தது.

"ரெலிபோன் நம்பர் மட்டும் காணும். வீட்டு நம்பர் போடாதை," என்றார் அப்பா.

"வீடு தெரியாமல் ஆர் துணியோட வாறது?" என்றார் அம்மா.

படிவம் கொடுக்கக் கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று எதிர்க் கதவு அங்கிள், விளிம்பு மடித்துத் தைத்த காற்சட்டையை எடுக்க வந்தார். அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்த கறுப்பர். பொறுக்க முடியாமல் அவரிடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன். அவர் சிரித்தபடி போய், பிளாஸ்ரிக் பையில் சுற்றிய மெல்லிய புத்தகம் ஒன்றோடு திரும்பி வந்தார்.

கறுப்பர்களை ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், அவருடைய ஊர்க் கறுப்பர்கள் தங்களுக்கென்று அச்சிட்ட கையேடு அது. டொக்டர், முடிவெட்டுகிறவர், பிரேதப்பெட்டிக்காரர். ஒரு பக்கத்தில் அவருடைய தாயின் பெயர், தெரு, கதவிலக்கம், வாடகைக்கு அறைகள். ஹோட்டல்களில் இடம் கிடைக்காத பயணிகள் அதைப் பார்த்துத்தான் வந்து கதவைத் தட்டுவார்களாம். துள்ளித் துள்ளி மொழிபெயர்த்தேன். ஒரே மாதிரி இரண்டு புத்தகங்கள்!

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "உந்தப் புத்தகத்தைப் பாத்து வெள்ளையள் வீடு தேடி அடிக்க வரேல்லையோ எண்டு கேள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கேட்டேன். அங்கிள் அப்பாவைப் பார்த்து மெதுவாகப் பதில் சொன்னார்.

"அவங்களுக்குப் புத்தகம் இல்லாமலே வீடு தெரியுமாம். தங்கட ஆக்களுக்குத்தான் புத்தகம் தேவைப்பட்டதாம்," என்று அப்பாவுக்குச் சொன்னேன்.

அப்பா சாமிப் படத்துக்குப் பின்னால் கிடந்த படிவத்தை எடுத்தார். பிறகு என் பேனையை வாங்கிக் கதவிலக்கத்தைத் தானே எழுதினார்.

கையேடு வந்த அன்று குளிர் ஜாக்கெட்டின் ஜிப்பைக்கூடப் பூட்டாமல் கடையிலிருந்து ஓடி வந்தேன். லிஃப்டில் நின்ற எல்லோருக்கும் அம்மாவின் வரியைக் காட்டினேன். இத்தனை சந்தோஷமான விஷயத்தில் அப்பா ஏன் அப்படியொரு கேள்வி கேட்டார் என்று மட்டும் விளங்கவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில், கொழும்பில் அவருடைய கதவிலக்கம் இருந்த வாக்காளர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு, தமிழர் வீடுகளைக் கொளுத்த ஆட்கள் வந்தபோது, நான் பிறந்திருக்கவில்லை.