காதர் பாய்க்கு ஜாமீன்

தில்லிக்கு வந்த புதிதில் நான் டைப்பிஸ்டாக இருந்த வெள்ளத் தடுப்பு அலுவலகத்தில் ஒரு தமிழ் இன்ஜினியர் இருந்தார். ஒல்லியான மனிதர், கோடையிலும் கழுத்துப் பொத்தானைப் போட்டிருப்பார். தபால்தலை நனைக்கும் ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டேதான் போனில் பேசுவார்.

பேச்செல்லாம் காதரைப் பற்றித்தான். காதரை விட்டுவிடுங்கள் என்று மேலதிகாரிகளிடம் இந்தியில் கெஞ்சுவார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தெரியாது என்று காட்டிக்கொள்ளப் பிடிக்காது. யாரோ நண்பர் வழக்கில் சிக்கியிருக்கிறார் என்று நானே முடிவுசெய்து ஒருநாள் கேட்டேன்.

"காதர் பாய்க்கு ஜாமீன் கிடைச்சுதா சார்?"

கண்ணில் நீர் வரச் சிரித்தார். "காதர் ஆள் இல்லம்மா. யமுனை ஓரத்துத் தாழ்வான நிலத்துக்கு இங்க அதான் பேரு. வெள்ளம் வந்தா இந்த ஸ்பாஞ்சு மாதிரி குடிச்சுக்கும். கோடையில கிணத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். அதுல மண்ணைக் கொட்டி வீடு கட்டப்போறாங்க."

சிரிப்பு நின்றது. "ஜாமீன் கிடைக்கலம்மா."

லாரிகள் மண் கொட்டின. அவர் ஓய்வு பெற்றார். சில வருஷம் கழித்து பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன்.

"வீடு எங்க சார்?"

"பையன் வாங்கினான். காதர் மேலதான். மழைக்கு வாசல்ல தண்ணி, மே மாசம் அடிபம்புல வெறும் காத்து."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கட்டைவிரல் கையிலிருந்த காய்ந்த துணிப்பையை அமுக்கிக்கொண்டே இருந்தது.