ஓடு சேர்த்த எட்டு மாதங்கள்

சித்தாள் வேலையில் அவளுக்கு இருபது வருஷப் பழக்கம். கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிவிட்டால் மூன்றாவது மாடிவரை கை பிடிக்காமல் போவாள். வாய் மட்டும் சும்மா இருக்காது. மேஸ்திரியே அவளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. கூட வேலை செய்கிறவர்கள் ரேடியோக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பழைய ஊரின் நடுவில் மார்க்கெட்டை இடித்துவிட்டு, கார் நிறுத்த அடுக்குக் கட்டடம் கட்டப் போனார்கள். அஸ்திவாரத்துக்குப் பள்ளம் எடுத்த பொக்லைன் ஒன்பதடி ஆழத்தில் எதையோ இடித்துக்கொண்டு நின்றது. எட்டிப் பார்த்தால், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய சுடுமண் வளையங்கள். பழங்காலத்துக் கிணறு. சுற்றிலும் மண்ணோடு மண்ணாக ஏராளமான பானை ஓடுகள்.

"போச்சு, நம்ம வேலைல மண்ணு விழுந்துச்சு" என்று மேஸ்திரி தலையில் கை வைத்தார்.

அடுத்த வாரமே தொல்லியல் ஆய்வுக்காரர்கள் வந்து கயிறு கட்டினார்கள். வேலையாட்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். ஆய்வுக்குப் பொறுப்பாக வந்த மேடம் ஓடு கழுவ ஆள் கேட்க, ரேடியோக்கா போய் நின்றாள்.

பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஓட்டைத் தேய்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று முதல் நாள் சிரித்தாள். நாலாம் நாள், சாக்கில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு சில்லுகளை எடுத்து ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தாள். அசையாமல் உட்கார்ந்தன. மயிரிழை இடைவெளி இல்லை. மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு, "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"தெரியல மேடம். கைக்குத் தெரிஞ்சுது."

அதன்பிறகு அவளைக் கழுவ விடவில்லை. ஒரு மேசையும், ஒட்டிய துண்டுகளை நிற்க வைக்க மணல் நிரப்பிய தட்டும் கொடுத்தார்கள். வயிறு பருத்த பானை ஒன்றை நாற்பத்துமூன்று துண்டுகளிலிருந்து அவள் எழுப்பினாள். ரேடியோ வாயே திறக்கவில்லை. வீட்டுக்காரர் பயந்தே போனார். "உடம்பு கிடம்பு சரியில்லையா? ரெண்டு வார்த்தை திட்டக்கூட மாட்டேங்கறே?"

எட்டு மாதத்தில் ஆய்வு முடிந்தது. பானையைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் கட்டி லாரியில் ஏற்றினார்கள். பள்ளத்தில் மணல் கொட்டி மூடினார்கள். அதன்மேல் எழும்பிய கட்டடத்துக்குக் கலவை சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி. பழையபடி பேசினாள், சிரித்தாள். விரல்கள்தான் அடங்கவில்லை. வீட்டில் தட்டோ டம்ளரோ உடைந்தால் உட்கார்ந்து ஒட்டிப் பார்ப்பாள். எது எங்கே என்று முன்பே தெரிந்துவிடும், சப்பென்று போய்விடும். இன்னொரு தடவை அந்த மேசை கிடைக்காதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இரண்டு வருஷம் கழித்து மேடத்திடமிருந்து போன் வந்தது. வேறொரு ஊரில் பாலத்துக்குத் தோண்டும்போது வீடுகளே வெளிப்பட்டிருக்கின்றனவாம். ஆறு மாத வேலை. தங்க இடம் உண்டு. "வர்றீங்களாக்கா?"

வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த நேரம் அது. இருவருக்கும் வேறு துணை இல்லை. போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "நீ போயிட்டு வாம்மா. நானே பாத்துக்குவேன்" என்றார். பார்த்துக்கொள்வதைக் காட்டுவதற்காகக் கட்டிலோரம் கிடந்த நாற்காலியைப் பிடித்து எழப் பார்த்தார். பாதி எழுந்ததும் நாற்காலியோடு சரிந்தார். அவள் ஓடிப்போய்த் தாங்கினாள்.

"பாத்துக்கிட்ட லட்சணம்!" என்றாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. அவர் அவள் தோளில் சாய்ந்தபடி, "என்னாலதான உனக்கு..." என்று இழுத்தார்.

"வாயை மூடுங்க. இதைவிடப் பெரிய கனமெல்லாம் சுமந்திருக்கேன்."

மேடத்திடம் வரமுடியாது என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்தும் போனை வைக்க மனம் வரவில்லை. "ஓடெல்லாம் என்ன நிறம் மேடம்? கறுப்பா, சிவப்பா?"

மறுநாள் மேடம் படங்கள் அனுப்பினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கறுப்பும் சிவப்புமாக ஒரு வரிசை. கடைசியில் ஓரம் தேய்ந்த ஒன்று. மேலே, தள்ளி இன்னொன்று. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மேடத்தைக் கூப்பிட்டாள்.

"வரிசைக் கடைசியில ஓரம் தேஞ்சது ஒண்ணு, மேல தள்ளி இருக்கறது ஒண்ணு, அந்த ரெண்டையும் வச்சுப் பாருங்க மேடம்."

சாயங்காலம் பதில் வந்தது: சேருதுக்கா.

அவள் அதை வீட்டுக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். பிறகு படத்திலிருந்த சில்லின் ஓரத்தை மெல்லத் தடவினாள். விரலுக்கு வழவழவென்று கண்ணாடிதான் பட்டது.