மஞ்சள் போட்ட அடோபோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுதினால் வரி கோணலாகப் போகும், சொன்னதையே திரும்பச் சொல்வேன், நடுவில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பேத்தி பிறந்த புதிதில் அபுதாபியில் மகனோடு இருந்தேன். முழு வீடு இல்லை, ஷேரிங். ஒரு அறையில் நாங்கள். அடுத்த அறையில் பியூட்டி பார்லரில் வேலை செய்த ஒரு பிலிப்பினோப் பெண். சமையலறை பொது. அங்கே சூப்பர் மார்க்கெட்டில் பன்றிக்கறிக்கென்று கதவு போட்ட தனி அறை உண்டு. அதில் வாங்கி, பைக்குள் பை சுற்றிக் கொண்டுவருவாள். அதற்குச் சட்டி தனி, கரண்டி தனி. எங்களுக்கு ஆடு கோழி உண்டு, பன்றி பழக்கமில்லை. அது தெரிந்து, நாங்கள் சமைத்து முடித்த பிறகுதான் அடுப்புப் பக்கமே வருவாள். நான் கூச்சக்காரி, அவளும் அப்படித்தான். என்னை மம்மி என்பாள், நான் சிரிப்பேன், அதோடு சரி.

அவள் புருஷனுக்கு சவூதியில், தம்மாமில் கட்டட வேலை. சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து தாடை உடைந்துவிட்டது. கம்பி கட்டி அவிழ்த்த பிறகும் வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்ததாம். கஞ்சியும் சூப்புமாகக் குடித்து, பிறகு அதுவும் வேண்டாமென்று ஆள் பாதியாகிவிட்டார் என்று மருமகள் கேட்டுச் சொன்னாள். கம்பெனி அவரை ஊருக்கு அனுப்பியது. போகிற வழியில் இரண்டு நாள் இங்கே இறங்குகிறார். ஊரிலிருக்கிற பிள்ளைகள் அவரைப் பார்ப்பதற்குள் ஒரு வாய் சோறு தின்ன வைத்துவிட வேண்டும், அதுதான் அவளுக்கு ஆசை. தம்மாமில் பன்றிக்கறியைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. அவருக்கோ அடோபோ என்றால் உயிர், அது அவர்கள் ஊர்ப் பன்றிக் குழம்பு. பல்லே வேண்டாத அளவுக்கு மெத்தென்று வேகவேண்டும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் வருகிற அன்று காலை கறியை வெளியே எடுத்து வைத்தாள், பார்லரிலிருந்து போன். கல்யாணப் பெண் வந்திருக்கிறாள், மத்தியானம் வரை டியூட்டிக்கு வா என்று. போகாவிட்டால் கேட்டு வாங்கிய லீவு போய்விடும். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான்தான் கறியைக் காட்டி, என்னைக் காட்டி, தலையை ஆட்டினேன்.

“மம்மி, திஸ் போர்க்,” என்றாள்.

பரவாயில்லை என்று கை காட்டினேன்.

சோயா சாஸ், நசுக்கிய பூண்டு, முழு மிளகு, பிரிஞ்சி இலையோடு கறி வேகவேண்டும் என்று பாதி சைகையில் சொன்னாள். கடைசியில் வினிகர். ஊற்றியதும் கரண்டி போடக்கூடாது, மூடவும் கூடாது. தானாகக் கொதித்து நெடி போகவேண்டும். கலக்கினால் பச்சை வாடை கறியிலேயே தங்கிவிடுமாம். “ஸ்பூன் மாஃபி, மம்மி. பாயில், தென் ஓகே.” மாஃபி என்றால் இல்லை, அது எனக்கும் தெரியும். கரண்டியை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

கறி கழுவுவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா? மஞ்சள்தூளை அள்ளிப் போட்டு, நன்றாகப் பிசறி, ஊறவைத்து அலசினேன். ஆடோ கோழியோ மீனோ, என் கை அப்படித்தான் போகும். கவுச்சி போக வேண்டாமா.

வினிகர் ஊற்றிய பிறகுதான் கஷ்டம். கொதிக்கிற சட்டியைக் கிண்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பது என்னால் ஆகாத காரியம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூக்கில் ஏறிய நெடி மெல்ல அடங்கியது. பேத்தி எழுந்து அழ, இடுப்பில் வைத்துக்கொண்டு, வற்ற வற்ற வெந்நீர் விட்டேன். உப்புகூடப் பார்க்கவில்லை, வாசனையை வைத்தே இறக்கினேன். கரண்டி முனை பட்டதும் கறி இரண்டாகப் பிளந்தது.

மத்தியானம் இரண்டு பேருமாக வந்தார்கள். அவள் சட்டியைத் திறந்தாள். குழம்பு கறுப்பாகத்தான் இருந்தது. கொழுப்பு மட்டும் மஞ்சளாக மின்னியது.

“ஒய் யெல்லோ, மம்மி?”

மஞ்சள்தூள் டப்பாவைக் காட்டினேன். “கறின்னா மஞ்சள் போட்டுத்தானேம்மா கழுவணும்,” என்று தமிழிலேயே சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. சோற்றில் பிசைந்து அவரிடம் கொடுத்தாள்.

ஒரு வாய் வைத்தார். மெல்லவில்லை, நாக்காலேயே நசுக்கினார். பிறகு நிறுத்திவிட்டார். அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார், அவள் என்னைக் காட்டினாள். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முழுக்கச் சாப்பிட்டார். மறுபடியும் சோறு கேட்டு வாங்கினார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மருமகள் வந்து, அவளிடம் கேட்டுவிட்டுச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். “அத்தை, அவரோட அம்மா ஊர்ல அடோபோவுக்கு மஞ்சள் போடுவாங்களாம். இவ வேற ஊரு, கறுப்பாத்தான் வைப்பாளாம். ‘இத்தனை வருஷமா வச்சுப் போடறேன், வாயத் தொறந்து சொல்லல. மம்மி ஒரு நாள் வச்சதும் அம்மா கை ருசிங்கறாரு’ன்னு அவரைத் திட்டறா.”

அவள் இன்னும் திட்டிக்கொண்டிருக்க, அவர் வாய் திறக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார்.

மூன்றாம் நாள் அவர் விமானம் ஏறிவிட்டார். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இன்றுவரை போகவில்லை. அவர் பார்க்க மிகவும் சாதுவான மனிதர். நிஜமாகவே அப்படி ஒரு ஊர் இருக்கிறதா, இல்லை நானும் அவளும் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மனசுக்கு இதமாக ஒன்று சொன்னாரா? இரண்டாம் தடவை சோறு வாங்கியது மட்டும் பொய்யில்லை. அந்தத் தேசத்து ஆட்களைத் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துப் பாருங்கள். வினிகர் ஊற்றும் முறையையும் நான் மாற்றி எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.