எல்லைக்கோட்டில் நின்ற அடுப்பு

போன கோடையில் லண்டன் ஹரோவில் இருக்கும் மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மருமகன் புதிதாக ஒரு பார்பிக்கியூ வாங்கி வைத்திருந்தார். கார் எஞ்சின் மாதிரி பளபளவென்று ஒரு சாமான். "மாமா, பட்டனை அமத்தினால் சரி" என்று அமத்திக் காட்டினார். எரிந்தது. புகையும் இல்லை, மணமும் இல்லை. பாதிக் கோழி வேகும்போது காஸ் தீர்ந்துபோனது. மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு கடைக்கு ஓடி ஒரு மூட்டை கரியும், நெருப்புப் பற்ற வைக்கிற அந்த வெள்ளைக் கட்டிகளும் வாங்கிவந்தார். கட்டி பற்றியதுதான் தாமதம், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறியது. எனக்குப் பசி அப்படியே போய்விட்டது. அந்த நெடியோடு எனக்கு வருவது கென்னின் முகம்தான்.

கென், லண்டனின் கிழக்கே செவன் கிங்ஸில் இருக்கும் எங்கள் வீட்டின் பக்கத்து வீட்டுக்காரன். என்னைவிட இருபது வயதாவது மூத்தவன். 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் நானும் தேவகியும் அந்த வீட்டை வாங்கினோம். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் பெற்றோல் நிரப்பும் செட்டில் ஷிப்ட் வேலை. வீட்டில் எங்களுக்கு முன் இருந்தவர் ரொன் என்ற கிழவர். அவர் இறந்தபிறகு அவருடைய மகள் விற்றாள். ரொன்னும் கென்னும் முப்பது வருடச் சிநேகிதர்கள். ஏதோ ஒரு கோடையில் இரண்டு பேருமாகச் சேர்ந்து வீட்டு வளவின் பின்பக்கம் செங்கல்லால் ஒரு இறைச்சி அடுப்புக் கட்டியிருக்கிறார்கள். எங்கே கட்டினார்கள் தெரியுமா? சரியாக இரண்டு காணிக்கும் நடுவில், எல்லைக்கோட்டின் மேலே. நடுவில் ஒரு பொதுச் சுவர். ரொன் பக்கம் ஒரு அடுப்பு வாய், கென் பக்கம் ஒரு வாய். நடுச்சுவரின் மேல் இரண்டுக்கும் பொதுவாக ஒரே புகைபோக்கி. மரவேலி இரண்டு பக்கத்திலிருந்தும் அடுப்புவரை வந்து நின்றுவிடும். அடுப்புச் சுவர் இடுப்பளவு உயரம்தான். அதனால் அந்த இடத்தில் நின்றால் அடுத்த வளவில் நிற்பவனின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

வேலிச் சண்டை எனக்குப் புதிதல்ல. ஒரு முழக் காணிக்காக அண்ணனும் தம்பியும் வழக்குப் போட்டுக் கோடு ஏறி, இரண்டு பேரும் காணியையே விற்று, வழக்குப் பேசிய அப்புக்காத்துக்குக் கொடுத்த கதையெல்லாம் ஊரில் எங்கள் பக்கத்தில் சாதாரணம். அதையும் விட்டு, நாட்டில் நடந்த அதைவிடப் பெரிய சண்டையையும் விட்டு ஓடி வந்தவன் நான். வந்த இடத்தில் கென் காத்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் போனபோது எங்கள் பக்க அடுப்பு பாழடைந்து கிடந்தது. முன் வரிசைக் கல்லெல்லாம் விழுந்து, காஞ்சொறிச் செடி முளைத்து, நடுச்சுவரில் தலையணை அளவுக்கு ஒரு ஓட்டை. கென் ஒவ்வொரு ஞாயிறும் தன் பக்கத்தில் அதே வெள்ளைக் கட்டிகளை வைத்து நெருப்பு மூட்டுவான். புகை, ஓட்டை வழியாக நேரே எங்கள் குசினிக்கு வரும். முதல் ஞாயிறே போய் மிகவும் பணிவாக, புகை எங்கள் பக்கம் வருகிறது என்று சொன்னேன். அவன் சொசேஜைத் திருப்பிக்கொண்டே, "ரொன் ஒருநாளும் குறை சொன்னதில்லை" என்றான். சரி, உடைந்த பாதியையாவது இடித்துவிடட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தான்.

"ஒரு கல்லில் கை வைத்தாயானால் பொலிசைக் கூப்பிடுவேன். அது ரொன் கட்டியது."

நான் தமிழில் நாகரிகமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் இடையிடையே வேறு சொற்களும் இருந்தன.

தேவகிக்கு அந்தப் புகைதான் பெரிய பகை. தோய்த்துக் கொடியில் போட்ட உடுப்பெல்லாம் பன்றி இறைச்சி மணம். அவள் உடுப்புக் காயப்போடும் நேரம் பார்த்துத்தான் அவன் மூட்டுகிறான் என்பது அவளுடைய கட்சி. அது உண்மையோ பொய்யோ, ஒரு ஞாயிறு அவளுக்குப் பொறுமை போய்விட்டது. கோயிலுக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சீலை கொடியில் இருந்தது. அவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு உடுப்பு அலசிய வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டுபோய் ஓட்டை வழியாக ஒரே ஊற்று.

'புஸ்' என்று நீராவி எழுந்தது. கூடவே 'டப்' என்று ஒரு சத்தம். கென் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். அவனுடைய மத்தியானச் சாப்பாடு சவர்க்காரத் தண்ணீரில் மிதந்தது. தேவகி வாளியைக் கீழே வைத்துவிட்டு நல்ல தமிழில் சொன்னாள்: "இப்ப தின்னு பாப்பம்."

அந்த 'டப்' அவன் பக்கத்துக் கல். கொதித்துக்கொண்டிருந்த கல்லில் தண்ணீர் பட்டு, அவனுடைய பின்சுவர் மேலிருந்து கீழாக வெடித்துவிட்டது. ஆக இரண்டு பாதியும் உடைசல். கவுன்சிலுக்குப் போன் பண்ணினேன். மறுமுனையில் இருந்தவர், இது உங்கள் இரண்டு பேருக்கும் இடையிலான விஷயம் என்று வைத்துவிட்டார்.

அவன் திருத்தத் தொடங்கினான். அதைப் பார்த்து நானும் தொடங்கினேன். ஆசையால் இல்லை, வீம்பால். ஓட்டையை அடைத்து, என் பாதியை அவனுடையதைவிட நன்றாகக் கட்டிக் காட்டவேண்டும். அவ்வளவுதான். எங்கள் தெருவில் யாரோ வீடு திருத்தி, ஸ்கிப் என்கிற பெரிய இரும்புக் குப்பைத் தொட்டியில் எறிந்திருந்த செங்கற்களைப் பொறுக்கிவந்தேன். அதுவரை நான் சாந்து குழைத்ததே கிடையாது. குழைத்தது முதலில் கஞ்சியாக வந்தது, பிறகு கருங்கல்லாக இறுகியது.

அந்தக் கோடையில் பல நாள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்திலும் முழங்காலில் நின்று வேலை செய்தோம். அவனுடைய சாந்துக் கரண்டி உரசும் சத்தம் எனக்குக் கேட்கும், என்னுடையது அவனுக்கு. ஒரு சொல் கிடையாது. ஒருநாள் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "அது வீட்டுச் செங்கல். முதல் நெருப்பிலேயே வெடிக்கும்" என்றான். அவன் சொன்ன ஒரே காரணத்துக்காக அதே கல்லை வைத்துக் கட்டினேன். முதல் நெருப்பிலேயே வெடித்தது. கென் கதிரையில் சாய்ந்து பியரைக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, சூளைக்குப் பாவிக்கும் மஞ்சள் நெருப்புக்கல் வாங்கி, ரசமட்டம் வாங்கி, வரிசை வரிசையாகக் கட்டினேன். ரொன் காலத்தில் இல்லாத ஒரு வசதியும் சேர்த்தேன். மேலே ஒரு தடித்த இரும்புத் தகடு. அது தேவகிக்கு. லண்டன் வீட்டுக்குள் செத்தல் மிளகாய் வறுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். புகை மணி அலறும், வீட்டில் இருக்கிறவர்கள் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடவேண்டும். இனி வெளியிலேயே வறுக்கலாம்.

கோடை முடியும் தறுவாயில் ஒரு ஞாயிறு, தேவகி கறித்தூளுக்கு மிளகாயும் மல்லியும் வறுத்தாள். மூத்தவள் அப்போது அவள் வயிற்றில் ஆறு மாதம். "இஞ்சாருங்கோ, காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று கேட்டாள்.

"அவன்ரை பக்கம்."

"அப்ப இன்னும் கொஞ்சம் போடுறன்."

கென்னின் வீட்டில் ஒவ்வொரு யன்னலாக மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஈரத் துவாய்த் துணியை மூக்கில் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். கண் சிவந்து, தண்ணீர் ஓடியது. எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், இருமல்தான் வந்தது. தேவகி தகட்டைக் கிண்டிக்கொண்டே நின்றாள்.

அடுத்தநாள் நான் வேலையில் இருந்தேன். தேவகி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கென் சம்மட்டியோடு வந்து, பொதுப் புகைபோக்கியில் தன் பாதியை உடைக்கத் தொடங்கினான். புகைபோக்கிக்கு ஏது பாதி? இரண்டு மூன்று அடியில் முழுதும் ஆடி எங்கள் பக்கம் சரிந்தது. தேவகி விலகப் பார்த்து, புல்லில் வழுக்கி விழுந்தாள். ஒரு கட்டிக் கல் அவள் வலது பாதத்தில்.

பெற்றோல் செட்டுக்குப் போன் வந்தது. எப்படி ஆசுபத்திரிக்குப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தாதி குழந்தையின் இதயத் துடிப்பைத் தேடினாள். தேடினாள், தேடினாள். தேவகி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். என் கையை அவள் பிடித்த பிடியில் மோதிரம் தோலில் பதிந்துவிட்டது. கடைசியில் அந்தச் சத்தம் கேட்டது, குதிரை ஓடுவதுபோல. "கேக்குதே அப்பா?" என்று என்னைக் கேட்டாள். "ஓம்" என்றேன். அவள் அதற்குப் பிறகுதான் அழுதாள். பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. அதை அவள் அதுவரை சொல்லவே இல்லை.

அவளைக் கூட்டிவந்து சோபாவில் இருத்திவிட்டு, நேரே கென்னின் கதவைத் தட்டினேன். போகும்போது கையில் எதையோ எடுத்துக்கொண்டேன். கதவு திறந்தபோது பார்த்தால் ரசமட்டம். கென் அதைத்தான் பார்த்தான், என் முகத்தை அல்ல.

"அவள் அங்கே நின்றது எனக்குத் தெரியாது" என்றான்.

"கர்ப்பிணி."

"அதுவும் தெரியாது."

நான் காத்து நின்றேன். மன்னிப்பு என்ற சொல் வருமென்று. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவள் அங்கே நின்றிருக்கக் கூடாது" என்றான்.

கையை ஓங்கிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பின்னால் தேவகியின் குரல். முறிந்த காலோடு சுவரைப் பிடித்துப் பிடித்து எங்கள் வாசலுக்கு வந்திருந்தாள். "விட்டிட்டு வாங்கோ. உவனுக்கு அடிச்சு நீங்கள் பொலிசிலை பிடிபட்டு மறியலுக்குப் போனா, பிள்ளையை நானே தனிய வளக்கிறது?"

திரும்பி வந்தேன். பொலிஸ் வந்தது, இரண்டு பக்கத்துக் கதையையும் கேட்டது, இரண்டு பக்கத்துக்கும் புத்தி சொல்லிவிட்டுப் போனது.

தேவகியின் மாவுக்கட்டு வெட்டுமுன்பே புகைபோக்கியைத் திரும்பக் கட்டினேன். இந்த முறை முழுக்க முழுக்க எங்கள் காணிக்குள். எங்கள் பக்கம் பூச்சு அழகாக வந்தது. பின்புறம் அவனுடைய வளவில் நின்றுதான் பூச முடியும். அவனிடம் போய்க் கேட்பதற்கு என்னால் ஏலாது. கல் இடுக்குகளால் சாந்து பிதுங்கி வழிந்தபடி அப்படியே காயவிட்டேன். பார்க்கிறவன் பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு வருடக்கணக்காகப் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தன் பக்க அடுப்பு வாயில் மூட்டுவான், நாங்கள் எங்கள் பக்கத்தில் மூட்டுவோம். மூத்தவள் நடக்கப் பழகி, அடுப்படிக்குப் போய் அவனுக்குக் கை காட்டுவாள். அவன் காட்டமாட்டான். தேவகி அவளைத் தூக்கி வந்துவிடுவாள். ஒருமுறை பிள்ளையின் பந்து அவன் பக்கம் விழுந்தது. ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தது, காற்றுப்போய்.

தொண்ணூறுகளின் நடுவில் அவன் வீட்டை விற்றுக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஏதோ ஓர் ஊருக்குப் போனான். எங்கள் தெருவில் இருந்த அவனுடைய வெள்ளைக்கார ஆட்கள் ஒவ்வொருவராக அப்படித்தான் போனார்கள். புறப்படுமுன், அடுப்பில் தன்னுடைய பாதியை உளியால் பிரித்தான். உடைக்கவில்லை. ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டி, தூசி தட்டி, வாசலில் நின்ற வான் வண்டியில் அடுக்கினான். தேவகி மேல்மாடி யன்னலில் நின்று பார்த்தாள்.

"கல்லையும் கொண்டு போறான் பாருங்கோ."

"விடு. அவன்ரை கல்."

"ஒண்டையும் விட்டுட்டுப் போகமாட்டான் போலை."

உண்மைதான். ஒன்றையும் விடவில்லை. போகும்போது எங்கள் வாசலைத் திரும்பியும் பார்க்கவில்லை. நானும் திரைச்சீலையை விலக்கவில்லை.

புது ஆட்கள் வருமுன் ஒருநாள், அவன் தன் பாதியைப் பிரித்ததால் வேலிக்கும் எங்கள் அடுப்புக்கும் இடையில் விழுந்த இடைவெளி வழியாக அவனுடைய வளவுக்குள் போனேன். அத்தனை வருடத்தில் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் எங்கள் குசினி யன்னல், கொடி, பின்கதவு எல்லாம் தெரிந்தது. என் புகைபோக்கியின் பின்புறமும் தெரிந்தது. பிதுங்கி வழிந்த சாந்தைக் காணவில்லை. இடுக்குகளெல்லாம் சுரண்டி, புதுச் சாந்து நிரப்பி, விரல் வைத்து இழுத்ததுபோல் ஒரே சீராகப் பூசப்பட்டிருந்தது, ஒரு மனிதனின் கை எட்டும் உயரம்வரை. அதற்கு மேலே என்னுடைய அசிங்கம் அப்படியே இருந்தது. எப்போது செய்தான் என்று தெரியாது. நாங்கள் கோயிலுக்குப் போன ஏதோ ஒருநாளாக இருக்கவேண்டும்.

தேவகியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாதத்தை ஒருபக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். மழைக்காலத்தில் அந்தக் கால் அவளுக்கு இப்போதும் வலிக்கும்.

"எங்கடை சுவரிலையும் கை வைக்காமல் இருக்க ஏலேல்லை உவனாலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தச் சுவரும் இப்போது இல்லை. குசினியைப் பெருப்பித்தபோது இடித்தோம். அவனுடைய வளவில் பாதிக்குச் சீமெந்து போட்டு, மீதியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நடுவில் தலைக்கு மேலே உயர்ந்த பலகை வேலி. எட்டிப் பார்க்க ஓர் இடமும் கிடையாது. அந்த வரிசையில் இருந்த மற்ற செங்கல் அடுப்புகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கென் போனபிறகு பக்கத்து வீட்டில் எத்தனையோ குடும்பங்கள் மாறிவிட்டன. எங்களோடு ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை. ஒருவருடைய குரலும் எனக்குத் தெரியாது.