அடியில் சுவிட்ச் உள்ள கீபோர்டு

துறைமுகச் சாலையில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு ஃபேன் வாங்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். ஒடிசலான, நரைத்த தாடிக்காரர். குவிந்து கிடந்த கீபோர்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுதிய, அண்ணாச்சி?"

"சின்னதா ஒரு சுவிட்ச். ஆபீஸ்ல கணக்குப் போட்ட அந்தக் காலத்து கம்ப்யூட்டர் ஒண்ணு எங்கிட்ட கீபோர்டு இல்லாம கெடக்கு. பெறவு வந்த கீபோர்டையும் அதுல சொருகலாம். ஆனா அந்தக் கீபோர்டு பேசுதது பழைய கம்ப்யூட்டருக்கு வெளங்காது. அடியில சுவிட்ச் உள்ளதுதான் பழசு, புதுசு ரெண்டு மாடலுக்கும் ஒத்துப்போவும்."

கடைசியில் அப்படி ஒன்று கிடைத்தது. ஆவல் தாங்காமல் நானும் அடுத்த தெருவிலிருந்த அவர் வீட்டுக்குக் கூடவே போனேன். சுவிட்சை நகர்த்திவிட்டுச் சொருகினார். திரையில் பச்சை எழுத்துகள் ஓடின. இன்று என்ன தேதி என்று கேட்டு நின்றன.

"இதுக்குள்ள கடிகாரம் கெடையாது. ஒவ்வொரு தடவையும் நாமதான் சொல்லணும்," என்றார்.

நான் அன்றைய தேதியைச் சொன்னேன். சரியென்று தலையாட்டிவிட்டு, என்றைக்கோ கடந்துபோன வேறொரு தேதியை நிதானமாக அடித்தார். கம்ப்யூட்டர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அது என்ன நாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.